கம்பத்தில் முதல் நாள்

கம்பத்தைக் கண்டால் ஏறிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை, சிறுவர்க்கு யாரும் ஊட்டி வருவதன்று. பள்ளிக் கொடிக்கம்பத்தின் அருகில் ஒரு சிறுவனைச் சற்று நேரம் தனியே விட்டுப் பாருங்கள். தலைமையாசிரியர் திரும்பி வருவதற்குள் அவன் பாதிக் கம்பத்தில் இருப்பான். பெரியவர்களும் இந்த ஆசையை முற்றும் விட்டுவிடுவதில்லை. கண்ணன் பிறந்தநாள் விழாவில் வழுக்கு மரம் ஏறுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மரம் முழுவதும் எண்ணெயைத் தடவி, உச்சியில் பரிசு முடிப்பைக் கட்டிவிடுகிறார்கள். இளைஞர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறுகிறார்கள். கீழே நிற்பவர்கள் அவர்கள்மேல் தண்ணீரை வாரி இறைக்கிறார்கள். முக்கால் மரம் ஏறியபின் எல்லாரும் ஒன்றாகச் சரிந்து விழுகிறார்கள். ஊரே சிரிக்கிறது. இதைவிட எளிய விழா வேறில்லை. இதைவிட நல்ல பௌதிகப் பாடமும் வேறில்லை என்று நான் சொல்வேன். ஏனெனில் நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவள்.

கழைக்கூத்தும் நமக்குப் புதியதன்று. தெருமுனையில் இரண்டு பக்கமும் மூங்கில்களை நட்டு, நடுவே கயிற்றைக் கட்டி, ஒருவர் பறை கொட்ட, ஒரு சிறுமி கையில் நீண்ட கழியுடன் கயிற்றின்மேல் நடந்து வருவதை என் இளமையில் பலமுறை கண்டிருக்கிறேன். குறுந்தொகையின் ஏழாம் பாட்டில், காற்று மோத ஒலிக்கும் வாகை நெற்றின் ஓசைக்குக் கயிற்றில் ஆடுவோர் கொட்டும் பறையின் ஓசை உவமையாக வந்திருக்கிறது. அவ்வளவு பழமையான கலை! ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? அந்தச் சிறுமி ஏறும்போது நாம் கைதட்டுவோம். விரித்த துணியில் காசும் போடுவோம். நம் வீட்டுப் பெண் ஒருத்தி நானும் ஏறுகிறேன் என்றால் மட்டும், நம் முகம் மாறிவிடும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, இவற்றுக்கெல்லாம் உறவுடையதும் நம் நகரங்களுக்குப் புதியதுமான ஓர் உடற்பயிற்சி. தரைக்கும் கூரைக்கும் இடையே செங்குத்தாக நிறுத்திய எஃகுக் கம்பத்தில் ஏறுதலும், சுழலுதலும், தொங்குதலும், தலைகீழாக நிற்றலுமே அந்தப் பயிற்சி. சென்னை போன்ற நகரங்களில் மாடி அறைகளில் இதற்கென்று பயிற்சிக்கூடங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், என் 47ஆம் வயதில், நான் முதல் வகுப்புக்குச் சென்றேன். ஏன் சென்றேன் என்பதைச் சொல்வதற்கு முன், இந்தக் கம்பத்தின் குலமுறையைச் சிறிது கூற வேண்டும்.

மராட்டிய நாட்டில் மல்லகம்பம் என்றொரு கலை உண்டு. தமிழ்நாட்டில் அதை மல்லர் கம்பம் என்கிறோம். மற்போர் பயில்வோர், எதிராளி இல்லாத வேளையில் ஒரு தூணையே எதிராளியாகக் கொண்டு பிடிகளைப் பழகினார்கள். அதிலிருந்து வளர்ந்தது இக்கலை. கலியாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில் இதைப் பற்றிய செய்தி இருக்கிறது. பின்னர், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் காலத்தில், பாளம்பட்ட தாதா தேவதர் என்னும் ஆசான் இதற்குப் புத்துயிர் அளித்தார். 1818இல் ஆட்சியை இழந்த பாஜிராவ் கான்பூருக்கு அருகிலுள்ள பிட்டூரில் குடியமர்த்தப்பட்டார். அவருடைய அரண்மனையில் வளர்ந்த மணிகர்ணிகை என்ற சிறுமி ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து மல்லகம்பமும் பயின்றாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பிற்காலத்தில் ஜான்சி ராணி லட்சுமிபாய் என்று நாம் அறிவது அவளையே.

இக்கலை பழங்கதையாகிவிடவில்லை. 2013இல் மத்தியப் பிரதேச அரசு இதைத் தன் மாநில விளையாட்டாக அறிவித்தது. 2019 பிப்ரவரியில் மும்பையின் சிவாஜி பூங்காவில் முதல் உலகப் போட்டி நடந்தது. இதைக் கற்பிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட உதய் தேஷ்பாண்டேக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தமிழ்நாட்டில் இதற்குப் பேர்பெற்ற இடம் விழுப்புரம்.

மல்லகம்பம் மரத்தாலானது, அடியில் பருத்தும் மேலே சிறுத்தும் உச்சியில் குமிழோடும் இருப்பது. சீனநாட்டுச் சர்க்கஸ் கலைஞர் ஏறும் கம்பமோ ரப்பர் உறை போர்த்தது. இப்பொழுது நான் சொல்லும் எஃகுக் கம்பம் 45 மில்லிமீட்டர் விட்டம் உடையது, வழவழப்பானது. இந்த மூன்றையும் அடுத்தடுத்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் பயன்படும்.

எஃகுக் கம்பத்தின் பிறப்பிடத்தை நான் மறைக்கப் போவதில்லை. மேலைநாடுகளின் இரவு விடுதிகளில், குடித்துவிட்டு அமர்ந்திருக்கும் ஆடவர் முன்னிலையில் ஆடிப் பிழைத்த பெண்களே இதை வளர்த்தார்கள். அவர்களுள் சிலர் 1990களில் மற்றப் பெண்களுக்கும் இதை உடற்பயிற்சியாகக் கற்பிக்கத் தொடங்கினார்கள். 2009இல் இதற்கென்று பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று தோன்றியது. 2012இல் இலண்டனில் உலகப் போட்டி நடந்தது. 2017இல், உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளுக்குப் பொதுவாக அந்நாளில் இருந்த பேரவை, இதற்குப் பார்வையாளர் தகுதி அளித்தது. இப்படித் தகுதி உயர உயர, பழைய தொடர்பைப் பேச வேண்டா என்று சொல்வோரும் தோன்றினர். எனக்கு அது பிடிக்கவில்லை. தாய் வீட்டை மறைத்துத் திருமணம் பேசுவது போன்றது அது. அந்தப் பெண்கள் பிழைப்புக்காக இரவெல்லாம் ஏறி இறங்கிக் கண்டறிந்த பிடிகளைத்தான் இன்று பொறியாளரும் மருத்துவரும் பணம் கொடுத்துக் கற்கிறார்கள்.

இனி நான் சென்ற காரணம். எங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பௌதிகம் படிக்கும் மாணவி ஒருத்தி இந்தப் பயிற்சிக்குச் செல்ல விரும்பினாள். ஒளித்துச் செல்லும் இயல்பு அவளுக்கு இல்லை, வீட்டில் கேட்டாள். அவளுடைய தந்தையார் வங்கியில் பணிபுரிபவர், நல்லவர், மகளைப் பெருமையோடு படிக்க வைப்பவர். அவர் கைப்பேசியில் தேடிப் பார்த்தபோது கண்ணில் பட்ட படங்கள் அவரைக் கலக்கிவிட்டன. நேரே கல்லூரிக்கு வந்து என் எதிரில் அமர்ந்தார். “அம்மா, நீங்கள் அவளுக்கு ஆசிரியை. நீங்களே சொல்லுங்கள். இது நம் வீட்டுப் பெண் செய்யக்கூடியதுதானா? நீங்கள் ஆம் என்றால் அனுப்புகிறேன், இல்லை என்றால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுகிறேன்,” என்றார்.

அந்த மாணவி கதவுக்கு வெளியே நின்றிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஒருவருடைய ஒரு சொல்லில் இன்னொருவருடைய விருப்பம் தொங்கும்போது, அந்தச் சொல்லை எளிதில் சொல்லிவிட முடிவதில்லை. ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. “காணாத ஒன்றைப் பற்றி நான் சொல்வதற்கில்லை, ஐயா. இரண்டு வாரம் பொறுங்கள்,” என்றேன்.

பயிற்சிக்கூடத்தில் தொலைபேசியில் விசாரித்தபோது, முதல் விதியாகச் சொன்னது இது: வகுப்புக்கு முந்திய நாளிலிருந்தே உடம்பில் எண்ணெயோ களிம்போ படக்கூடாது. எனக்கு இடம் கிடைத்தது சனிக்கிழமை காலையில். ஆகவே வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கு நின்றுபோயிற்று. “வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்காமல் அப்படி என்ன படிப்பு இந்த வயதில்?” என்று என் தாயார் அந்த வாரம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். மோதிரமும் வளையலும் கழற்றிவிட வேண்டும் என்பது அடுத்த விதி. தொடையின் பாதியோடு நிற்கும் காற்சட்டையும் கையில்லாத சட்டையும் அணிய வேண்டும் என்பது அதற்கடுத்த விதி. என் முழங்காலை வீட்டுக்கு வெளியே யாரும் பார்த்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. புடவையிலேயே சென்று, அங்கே மாற்றிக்கொண்டேன். சுவர் முழுவதும் நிலைக்கண்ணாடி. அதில் என்னைப் பார்க்காமலிருக்க முதல் பத்து நிமிடம் நான் பட்ட பாடு, கம்பத்தில் பின்னால் பட்ட பாட்டுக்குக் குறைந்ததன்று.

என்னோடு ஐந்து பெண்கள் இருந்தனர். ஒருவர் இரவுப்பணி முடித்து நேரே வந்திருந்த மருத்துவமனைச் செவிலியர்; இருவர் கணிப்பொறி நிறுவனத்தினர்; ஒருவர் குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தமக்கென்று கிடைக்கும் வாரத்தின் ஒரே ஒரு மணி நேரத்தை இங்கே செலவிடுபவர்; ஒருத்தி பரதநாட்டியம் பயின்றவள். ஆசிரியைக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கலாம். என்னை ‘அக்கா’ என்று அழைத்தாள். நான் ஆசிரியை என்று தெரிந்தபின்னும் ‘அக்கா’வை மாற்றவில்லை; அது எனக்கு நிறைவாகவே இருந்தது.

முதல் இருபது நிமிடம் கம்பத்தின் அருகிலேயே விடவில்லை. மணிக்கட்டைச் சுழற்றுதல், தோளை உயர்த்தித் தாழ்த்துதல், தரையில் கையூன்றி எழுதல் என்று உடம்பைச் சூடேற்றினோம். பிறகு ஒவ்வொருவரும் தமக்குரிய கம்பத்தைச் சாராயச் சத்து நனைத்த துணியால் துடைத்தோம். முன்னவர் கை வியர்வையும் தோலின் எண்ணெய்ப்பசையும் போகவேண்டும் என்பதற்காக. அறையில் குளிரூட்டும் பொறியை அடக்கி வைத்திருந்தார்கள். கம்பம் குளிர்ந்திருந்தால் தோல் பற்றாது. அறை மிகவும் வெம்மையாக இருந்தால் கை வியர்த்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையைச் சென்னையின் மே மாதத்தில் பிடித்து நிறுத்துவது எளிதன்று.

“முதலில் கம்பத்தைச் சுற்றி நடங்கள்,” என்றாள் ஆசிரியை. உள்பக்கத்துக் கையை உயரத்தில் பிடித்து, நீட்டிய கையில் உடலின் எடையைச் சிறிது சாய்த்து நடக்க வேண்டும். எளிது என்று தோன்றியது. தோளை மட்டும் காதருகே ஏற விடக்கூடாது. தோள் எலும்பைக் கீழே இழுத்து வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் தொங்கினால் தசை செய்ய வேண்டிய வேலையை மூட்டின் நார்கள் சுமக்க நேரும். இந்த ஒன்றை அவள் அந்த ஒரு மணி நேரத்தில் இருபது முறையாவது சொல்லியிருப்பாள். அடுத்தபடியாக ஒரு சுழற்சி. இரு கைகளாலும் பற்றி, வெளிக்காலை வீசி, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே கம்பத்தை இடுக்கிக்கொண்டு சுழன்று இறங்குவது. தீயணைப்பு வீரர்கள் கம்பத்தில் சறுக்கி இறங்குவது போல இருப்பதால் அவர்கள் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். நாட்டியம் பயின்ற பெண் முதல் முறையிலேயே அழகாகச் சுழன்றாள். செவிலியர் இரண்டாம் முறையில். நான் கம்பத்தைச் சுற்றிக் கால்வட்டம் சென்று, பாயில் அமர்ந்தேன். அமர்ந்தேன் என்பது நாகரிகமான சொல்.

ஏறுதல் வந்தபோதுதான் உண்மையான பாடம் தொடங்கியது. ஒரு பாதத்தை மடக்கி, கணைக்காலைக் கம்பத்தின் முன்புறம் குறுக்காகப் பதிக்க வேண்டும். மற்றைக் காலின் பின்சதையைக் கம்பத்தின் பின்புறம் வைத்து இரண்டாலும் இறுக்க வேண்டும். இந்தப் பிடியிலேயே எழுந்து நிற்க வேண்டும். எஃகின்மேல் தோலை அழுத்தித் திருகினால் எப்படி வலிக்கும் என்பதைச் சொற்களால் விளக்க வேண்டியதில்லை. முதல் சில வாரங்கள் தொடையிலும் கணைக்காலிலும் நீலம் பாரித்துவிடும். இந்தக் கன்றல்களுக்குக் கம்பத்தின் முத்தம் என்று இவர்கள் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் வேடிக்கை மனிதர்கள், வலி குறைவதில்லை.

தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பற்றிக்கொண்டு நான் ஐந்து எண்ணும்வரை இருந்தேன். அந்த ஐந்து எண்ணிக்கையில் என் மனத்தில் ஓடியது, நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், நான் இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவரும் உராய்வு விதிதான். என் எடை 57 கிலோகிராம். கணக்குக்கு 570 நியூட்டன் என்று கொள்ளுங்கள். இதைத் தாங்கி நிறுத்தக் கம்பத்தில் படி இல்லை, ஆணி இல்லை. உராய்வு ஒன்றே உண்டு. உராய்வு விசை என்பது அழுத்தும் விசையை உராய்வுக் குணகத்தால் பெருக்க வருவது. குணகத்தைப் பாதி, அதாவது 0.5, என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கால்களும் இரண்டு பக்கத்திலிருந்து அழுத்துகின்றன. ஆகவே ஒவ்வொரு பக்கமும் 570 நியூட்டன் அழுத்தினால்தான் நான் சறுக்காமல் இருப்பேன். என் எடை எவ்வளவோ அவ்வளவு விசையோடு கால்கள் இறுக்க வேண்டும். தோலில் எண்ணெய்ப்பசை இருந்து குணகம் பாதியாகக் குறைந்தால், அழுத்தம் இரு மடங்காக வேண்டும். 114 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை அது! வழுக்கு மரத்தில் இளைஞர்கள் ஏன் சரிகிறார்கள் என்பதும், வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கு ஏன் நின்றது என்பதும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகின்றன. பனையேறும் தொழிலாளி இரண்டு பாதங்களையும் தளைநாரால் பிணைத்துக்கொள்வதும் இதே கணக்கைப் பள்ளிக்குச் செல்லாமலே கண்டறிந்ததால்தான்.

இங்கேதான் நான் மூன்று கம்பங்களையும் நினைவில் வைக்கச் சொன்னதன் பயன். சீனக் கம்பத்தில் ஏறுவோர் கழுத்து முதல் கால்வரை தடித்த உடை அணிகிறார்கள். அது நாணத்தால் அன்று. ரப்பர் துணியை நன்றாகப் பற்றும். வெறுந்தோலில் பட்டால் உரித்துவிடும். மல்லகம்பத்தில் விளக்கெண்ணெய் தடவுகிறார்கள். சொரசொரப்பான மரம் உடம்பைத் தேய்த்துப் புண்ணாக்காதிருக்க அது வேண்டும். பருத்த மரத்தைக் கையால் பற்ற முடியாமல் கையிடுக்காலும் தொடையாலும் தழுவுவதால் பிடிக்கு இடமும் நிறைய உண்டு. எஃகுக் கம்பமோ துணியைப் பற்றாது. தோலை மட்டுமே பற்றும். நீண்ட காற்சட்டை அணிந்து ஏறியவர் அணிந்த விரைவிலேயே கீழே வந்துவிடுவார். உடை குறைந்திருப்பதைக் கண்டு நாம் ஒழுக்கத்தைப் பற்றி எண்ணுகிறோம். கம்பம் அதன் மேற்பரப்பைப் பற்றி மட்டுமே எண்ணுகிறது.

விடுதிகளில் ஆடைக்குறைவுக்கு வேறு காரணமும் இருந்தது என்பதை நான் அறியாதவள் அல்லள். ஆனால் ஒரே உடை இரண்டு இடங்களில் இரண்டு பொருள் தருவதை நாம் வேறெங்கும் காணவில்லையா? நீந்துவோரின் உடையைக் குளக்கரையில் யாரும் தவறாக எண்ணுவதில்லை.

வகுப்பின் முடிவில் ஆசிரியை எங்களுக்காகக் கொடிநிலை என்னும் ஒன்றைச் செய்து காட்டினாள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. உடல் முழுவதும் கம்பத்திலிருந்து பக்கவாட்டில், காற்றில் விரிந்த கொடிபோல். கண்ணால் பார்த்துக்கொண்டே நான் கணக்கிட்டேன். அவள் எடை 50 கிலோகிராம் என்றும், ஈர்ப்பு மையம் கம்பத்திலிருந்து 80 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகவும், இரு கைகளுக்கும் இடைவெளி 80 சென்டிமீட்டர் என்றும் கொண்டால், மேல்கை 50 கிலோகிராம் எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். கீழ்க்கை அதே அளவு தள்ள வேண்டும். அவள் புன்னகையோடு மூன்று நொடி அப்படி நின்றாள். பிறகு, தானே சுழலும் கம்பம் ஒன்றில் ஏறிக் கைகால்களை விரித்தபோது மெல்லவும், ஒடுக்கியபோது பம்பரம் போலவும் சுழன்றாள். கோண உந்தத்தின் அழியாமையை நான் வகுப்பில் சுழல் நாற்காலியை வைத்து விளக்குவது வழக்கம். அந்த நாற்காலியின் மேல் எனக்கு இருந்த மதிப்பு அன்று சற்றுக் குறைந்தது.

இரண்டு வாரம் கழித்து மாணவியின் தந்தையார் வந்தார். நான் எதையும் மறைக்கவில்லை. பயிற்சி எங்கே பிறந்தது என்பதைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. பிறகு ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு இப்போது சொன்ன உராய்வுக் கணக்கை எழுதிக் காட்டினேன். வங்கியில் பணிபுரிபவர் அல்லவா? எண்களை நம்புகிறவர். தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். அங்கே பெண்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்பதையும், ஒருவர் இசைவின்றி மற்றவர் படம் எடுக்க விடுவதில்லை என்பதையும் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமலிருந்துவிட்டு, “விழுந்தால்?” என்று கேட்டார்.

முதல் நாளே ஒரு தந்தை கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஊரார் கண்ணைப் பற்றிய கவலை, மகளுடைய எலும்பைப் பற்றிய கவலையை அத்தனை நாள் மூடி வைத்திருந்தது. “விழக்கூடும்,” என்றேன். தடித்த பாய் இருப்பதையும், முதல் மாதங்களில் தலைகீழ் நிலைகளுக்கு விடுவதில்லை என்பதையும் கூறினேன். இடத்தைத் தாம் பார்க்கலாமா என்று கேட்டார். வகுப்பு இல்லாத நேரத்தில் வந்து பார்க்கப் பயிற்சிக்கூடத்தினர் இசைந்தனர். அவர் சென்று, கம்பத்தை இரு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கூரையில் பிணைத்திருந்த திருகாணிகளை அண்ணாந்து எண்ணினார். பாயைக் காலால் மிதித்துப் பார்த்தார். மறுவாரம் மகளுக்குப் பணம் கட்டினார். அவளுடைய தாயாருக்கு இன்றுவரை மனம் ஒப்பவில்லை. அவரோடும் நான் பேச வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களில் யாரேனும் இதைக் கற்க விரும்பினால், அந்தத் தந்தையார் செய்ததையே நீங்களும் செய்யுங்கள். கம்பம் கூரையின் வலிய உத்தரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா, வெறும் அலங்காரக் கூரையோடு நிற்கிறதா என்று கேளுங்கள். பாய் இல்லாத இடத்தில் ஏறாதீர்கள். உடம்பைச் சூடேற்றாமல் நேரே கம்பத்துக்கு அனுப்பும் ஆசிரியரிடமிருந்து திரும்பி வந்துவிடுங்கள். தோளிலோ மணிக்கட்டிலோ முன்பே காயம் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். வீட்டுக் கதவு நிலையிலும் தெருவிளக்குக் கம்பத்திலும் பழகிப் பார்க்கும் எண்ணம் வேண்டவே வேண்டா. தெருவிளக்குக் கம்பத்தில் மின்சாரம் இருக்கிறது. பணச்செலவு அதிகம் என்று தோன்றினால், மல்லர் கம்பம் கற்பிக்கும் ஆசான் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அதில் கயிற்று வகையும் உண்டு. நெடுங்காலம் மரத்தூண் ஆண்பிள்ளைகளுக்கு, கயிறு பெண்பிள்ளைகளுக்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். இப்போது பெண்களும் தூணில் ஏறுகிறார்கள்.

அதை நேரில் காண நான் சென்ற மாதம் விழுப்புரம் சென்றிருந்தேன். திறந்த வெளியில் நட்டிருந்த மரத்தூணில் சிறுமியர் இருவர், எறும்பு ஊர்வதுபோல் ஏறி உச்சிக் குமிழின்மேல் நின்றனர். எஃகுக் கம்பத்தில் ஐந்து வாரம் பயின்ற துணிவில் நானும் ஏறிப் பார்க்க விரும்பினேன். அங்கிருந்த ஆசான் சிரித்துக்கொண்டே விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். மரம் என் கைகளுக்குள் அடங்கவில்லை. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அருகில் வந்து, “கையால் பிடிக்காதீர்கள், டீச்சர். கையிடுக்கில் வையுங்கள். கால் பெருவிரலால் அழுத்துங்கள்,” என்றாள். மூன்று முறை சரிந்தேன். நான்காம் முறை இரண்டு பாதங்களும் மண்ணை விட்டு எழுந்தன. அந்தச் சிறுமி உரத்த குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.